சாலார் ஜங்கின் கலைத்தேட்டம்

திருத்தணி மலைமீது நின்று வடக்கே நோக்குவோர்க்குச் சிறிது தொலைவிலேயே ஆந்திர எல்லை தொடங்கிவிடுகிறது. மலையடிவார நகரைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதை, ரேணிகுண்டா வழியாகத் தெலுங்கு நாட்டினுள் புகுகிறது. 1960 வரை இவ்வூரே ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. இங்கு 1888இல் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த மறு ஆண்டில் பூனாவில் பிறந்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவ்விருவரையும் இணைக்கும் கண்ணி ஒன்று இக்கட்டுரையின் இறுதியில் வரும்.

அவர்தாம் மீர் யூசுஃப் அலீ கான். மூன்றாம் சாலார் ஜங் என வரலாறு அறிந்தவர். 1889 ஜூன் 13இல் அவர் பிறந்தார். ஒரு திங்கள் நிறைவதற்குள் தந்தையாரை இழந்தார். பாட்டனார் முதலாம் சாலார் ஜங், 1853 முதல் 1883 வரை முப்பது ஆண்டுகள் ஹைதராபாத் நாட்டின் திவானாக விளங்கியவர். தந்தையார் இரண்டாம் சாலார் ஜங்கும் அப்பதவியை வகித்தவரே. பெருஞ்செல்வத்திற்கு உரிய குழந்தை தந்தையின் முகமறியாது வளர்ந்தது. நிஜாம் கல்லூரியில் பயின்ற அவரை, ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் 1912இல் திவானாக அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. 1914இல் அவர் பதவியைத் துறந்தார். அதன்பின் வாழ்ந்த முப்பத்தைந்து ஆண்டுகளையும் கலைப்பொருள் தேடுவதிலேயே செலவிட்டார். இறுதிவரை அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.

கலைப்பற்று அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வாய்த்தது. முக்காடிட்ட ரெபேக்காவின் பளிங்குச் சிலையைப் பாட்டனார் 1876இல் ரோம் நகரில் வாங்கி வந்திருந்தார். பேரரோ அயல்நாடுகளில் முகவர்களை வைத்துப் பொருள் தேடினார். வணிகர்கள் அனுப்பும் விலைப்பட்டியல்களை ஆராய்ந்தார். மூசி ஆற்றங்கரை நகரில் இருந்த அவரது திவான் தேவடி மாளிகை, தந்தச் சிற்பங்களாலும் பச்சைக்கல் கலன்களாலும் ஓவியங்களாலும் கையெழுத்துப் படிகளாலும் நிறைந்தது. அவற்றிடையே தனிச் சிறப்புடையவை சீனப் பீங்கான்கள்.

பீங்கான் நமக்குப் புதிதன்று. அச்சொல்லே பாரசீகத்திலிருந்து நம் மொழிக்கு வந்தது என்பர். சோழர் தூதுக்குழு 1015இல் சீனம் சென்றடைந்ததை வரலாறு கூறும். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. கடல் கடந்து வாணிகம் செய்த மரக்கலங்கள் நம் கரையில் விட்டுச் சென்ற சுவடுகள் அவை.

வெண்ணிறக் களிமண்ணையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் குழைத்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுட்டெடுப்பதே பீங்கான். சீனத்தின் ஜிங்தெஜென் நகரம் இத்தொழிலுக்குத் தலைநகர். வெண்கலத்தின் மேல் நீலச் சித்திரம் தீட்டுவதற்குரிய கோபால்ட்டு, தொடக்கத்தில் ஈரான் நாட்டுப் பகுதியிலிருந்து முஸ்லிம் வணிகர் வாயிலாகச் சீனம் சென்றது. மண் சீனத்தது, நீலம் ஈரானத்தது. மிங் மரபின் ஜெங்தே பேரரசர் காலத்தில் (1506–1521) அரபு, பாரசீக எழுத்துகள் தீட்டிய பீங்கான்களும் உருவாயின. இளம்பச்சைப் பூச்சுடைய செலடன் தட்டில் நஞ்சு கலந்த உணவை இட்டால் தட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்னும் நம்பிக்கை அரசவைகளில் நிலவியது. அந்நம்பிக்கைக்கு அறிவியல் சான்று இல்லை. எனினும் அத்தட்டுகள் பேணப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. செலடன் கலன்களும் நீலவெண் பீங்கான்களும் சாலார் ஜங்கின் தேட்டத்தில் இடம்பெற்றன.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. உடையும் தட்டுக்கும் குவளைக்கும் இத்தனை செல்வமா? இது வீண்விரயம் அன்றோ? நம் பெரியோர் இவ்வாறு வினவினால் நாம் அதனைப் புறந்தள்ளுதல் தகாது. அச்செல்வம் ஜாகீர் நிலங்களின் வருவாய். உழவர்தம் உழைப்பில் விளைந்தது. மாளிகையின் பூட்டிய அறைகளிலேயே அப்பொருள்கள் கிடந்திருக்குமாயின், அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இராது. விடையை அளித்தது அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்த வரலாறு.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1949 மார்ச் 2ஆம் நாள் சாலார் ஜங் காலமானார். மகப்பேறின்றி அவர் மறைந்தமையால், பெருஞ்சொத்து உறவினர் பலரிடையே சிதறிவிடும் நிலை தோன்றியது. கலைப்பொருள்கள் ஏலத்திற்குச் சென்று கடல் கடந்து போயிருக்கவும் கூடும். அவ்வேளையில் ஹைதராபாத் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எம். கே. வெள்ளோடி, கலையறிஞர் ஜேம்ஸ் கசின்ஸின் துணையை நாடினார். சிதறிக் கிடந்தவை ஒழுங்குபெற்றன. 1951 டிசம்பர் 16இல் திவான் தேவடியிலேயே அருங்காட்சியகத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 1958இல் உரிமையாளர்கள் உடன்பாட்டின்படி தேட்டம் முழுவதையும் நாட்டுக்கு வழங்கினர். ஒருவர் திரட்டியதை மற்றவர் பங்கிட்டுக்கொள்ளாது விட்டுக்கொடுத்தனர். இச்செயல் திரட்டியவரின் முயற்சிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1961இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. அவ்வாண்டு மாநிலங்களவைத் தலைவராக அமர்ந்திருந்தவர் திருத்தணி தந்த இராதாகிருஷ்ணன். நாம் முன்னர்க் கூறிய கண்ணி இதுவே. 1968இல் மூசி ஆற்றின் தென்கரையில் எழுந்த புதிய கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் திறந்துவைத்தார். சுமார் 43,000 கலைப்பொருள்களும் 9,000 கையெழுத்துப் படிகளும் 47,000 அச்சு நூல்களும் அங்கு உள்ளன.

சாலார் ஜங் திவானாக இருந்த காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே. அவர் பிறப்பித்த ஆணைகளை இன்று நினைப்பார் அரியர். நிஜாமின் அரசும் ஜாகீர்களும் மறைந்தன. கைதவறினால் நொறுங்கும் பீங்கான் நின்றது. அது நின்றதற்குக் காரணம் ஒருவரது செல்வம் மட்டுமன்று. அனைவர்க்கும் உரியதாக்கிய பலரது மனமுமாகும். நம் இல்லப் பரண்களில் முன்னோர் விட்டுச்சென்ற பழைய பீங்கான்களும் ஏடுகளும் கேட்பாரற்றுக் கிடக்கலாம். மாணவச் செல்வங்கள் அவற்றை விலைகூறுமுன் ஒருமுறை துடைத்துப் பார்த்து, மூத்தோரிடம் வரலாறு கேட்டுக் குறித்துவைப்பார்களாயின், அதுவே சாலார் ஜங்குக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.