ஜாயா இல்லம்: கொடியின் நிறம் மட்டுமா?

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் எங்கள் பதுளைப் பாடசாலை மைதானத்தில் ஜாயா இல்லத்தின் கோஷம் காதைப் பிளக்கும். சென்ற வருடம், பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவன் ஒருவன், ஜாயா யாரென்று என்னிடம் கேட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது. இல்லத்தின் நிறத்தைச் சொல்லிக்கொடுத்த நாங்கள், மனிதரைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இல்லம் என்பது ஆரம்பத்தில் விளையாட்டு அணியல்ல. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் உண்டு, உறங்கி, படித்த வீடுதான் அது. வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்குப் பின்னரே இல்லங்கள் வகுக்கப்பட்டன. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நான் கற்ற இந்த விடயம், மர்ஹூம் ரி.பி. ஜாயாவின் வாழ்க்கைக்கு நன்கு பொருந்துகிறது.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1இல் கலகெதரவில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தார். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 1921இல் மருதானை ஸாஹிராவின் அதிபரானார். 1892இல் உருவான அக்கல்லூரி அப்போது தளர்ந்திருந்தது. 1947 வரை, 26 ஆண்டுகள் அதைக் கட்டியெழுப்பினார். தூர ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தனர்.

1924இல் ரயில் பதுளைக்கு வந்தபோதும் கொழும்பு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம். எல்லா வாப்பாமாராலும் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. ஜாயாவின் காலத்தில் கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் ஆகிய ஊர்களிலும் ஸாஹிராக்கள் எழுந்தன. பிள்ளை வரமுடியாத இடத்துக்குப் பாடசாலை சென்றது.

சட்ட சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அமர்ந்தார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். பாகிஸ்தானில் உயர் ஸ்தானிகராகவும் பணியாற்றினார். ஹஜ்ஜுக்காகச் சென்றிருந்த வேளை, 1960 மே 31இல் மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் எங்கள் மலைப்பகுதியில் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு தூரத்தில் இருப்பதால் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைக் காண்கிறேன். நகரில் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடமிருந்தால் அவர்கள் படிப்பார்கள். ஜாயாவின் பெயரைக் கொடியில் எழுதியது போதும். அந்தப் பெயரில் பிள்ளைகள் தங்க ஒரு கூரை அமைப்போம். அதுவே உண்மையான ஜாயா இல்லம்.

அல்லாஹ் அன்னாரின் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.