வெள்ளத்தைக் கணக்கிட்ட விஸ்வேஸ்வரய்யா

விருத்தாசலம் பகுதி விவசாயிகளே! கல்வராயன் மலையில் கனமழை பெய்தால் நம் மணிமுக்தாற்றில் வெள்ளம் வருவதை அறிவீர்கள். இத்தகைய வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழி கண்டவர், 1861-ல் கர்நாடகாவின் முத்தேனஹள்ளியில் பிறந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா.

அனந்தகிரி மலையில் உற்பத்தியாகும் மூசி ஆறு, 1908 செப்டம்பர் 28-ல் ஐதராபாத்தைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நிஜாம் அரசு இவரை அழைத்தது. மழையளவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டார். மேலே இருந்த ஏரிகள் உடைந்து வெள்ளத்தைப் பெருக்கியதைக் கண்டறிந்தார். நகருக்கு மேலே அணை கட்டி, உச்ச வெள்ளத்தைத் தேக்கி, பிறகு சிறிது சிறிதாக வெளியேற்றலாம் என்று பரிந்துரைத்தார். அதன்படி 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர் அணைகள் உருவாயின. 1955-ல் பாரத ரத்னா பெற்ற இவர், 1962-ல் மறைந்தார்.

அணையில் காலி இடம் இருந்தால்தான் வெள்ளம் குறையும். எனவே கனமழைக்கு முன் தண்ணீர் திறந்தால் வீண் என்று எண்ணாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே உங்கள் ஏரிக்கரையில் அரிப்பு உள்ளதா என்று பாருங்கள். கூடுதல் நீர் தேக்க ஆசைப்பட்டுக் கலங்கலில் மணல் மூட்டை அடுக்காதீர்கள். ஓர் ஏரி உடைந்தால், கீழுள்ள ஏரிக்கும் வயலுக்கும் ஆபத்து.