வேம்பின் கசப்பை ஆய்ந்த வேதியியல் மேதை

வேம்பு நோய் தீர்க்கும் என்பதை நம் முன்னோர் நெடுங்காலமாக அறிவர். அதன் எண்ணெயில் அடங்கிய கசப்புப் பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்தீகி ஆவார். மரபு மருத்துவத்தை வெறுமனே போற்றுவதா, மூடநம்பிக்கை எனத் தள்ளுவதா என்று அறிஞர் இரு கூறாய் நின்ற காலத்தில், ஆய்ந்து தெளிவதே முறை என்று வாழ்ந்து காட்டினார் அவர்.

உத்தரப் பிரதேசத்துப் பாரபங்கி மாவட்டத்தில் 1897ஆம் ஆண்டு பிறந்த சித்தீகி, அலிகாரில் தத்துவமும் பாரசீகமும் பயின்றார். ஓவியக் கலையிலும் தேர்ந்தவர். பின்னர் ஜெர்மனி சென்று, பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் 1927இல் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

யுனானி மருந்துகளை நவீன அறிவியலால் ஆராய வேண்டும் என்பது தில்லி திப்பியா கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெருங்கனவு. அப்பணிக்கு அவர் தேர்ந்த இளைஞரே சித்தீகி. ஆனால் 1927 டிசம்பரில் ஹக்கீம் மறைந்தார். வழிகாட்டியை இழந்த பின்னும் சித்தீகி பணியைக் கைவிடவில்லை. 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து புதியதொரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளாமல், 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். சீர்கெட்ட இதயத் துடிப்பை நெறிப்படுத்தும் அம்மருந்து, இதயத்தில் மறைந்திருக்கும் புருகாடா எனும் குறைபாட்டை வெளிப்படுத்தும் சோதனையில் இன்றும் பயன்படுகிறது. நன்றியறிதலுக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் எது?

1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றைப் பிரித்தார். ஈதர், பெட்ரோலிய ஈதர், நீர் கலந்த ஆல்கஹால் எனக் கரைப்பான்களை மாற்றி மாற்றிக் கையாண்ட பொறுமையின் பயன் அது. வேம்பு குறித்த பிற்கால வேதியியல் ஆய்வுகளுக்கு அதுவே வழி திறந்தது.

1951இல் அவர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். அந்நாட்டின் அறிவியல், தொழில் ஆய்வுக் கழகத்தை 1953இல் நிறுவினார். 1961இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஓய்வு பெறும் வயதிலும் ஓயாமல், கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை வளர்த்து மாணவர்களை உருவாக்கினார். தொண்ணூறைக் கடந்த பின்னும் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1994 ஏப்ரல் 14 அன்று கராச்சியில் காலமானார்.

தத்துவமும் பாரசீகமும் கற்றவர் வேதியியலில் சிகரம் தொட்டார் என்பது, கலையும் அறிவியலும் வேறு வேறு எனப் பிரித்துப் பேசும் நமக்கு நல்லதொரு பாடம். இறைவன் படைத்த பச்சிலைகளில் இன்னும் எத்தனையோ உண்மைகள் ஆய்வாளரை நோக்கிக் காத்திருக்கின்றன. முன்னோர் சொல்லை மதிப்போம். அதைச் சோதித்தறியும் துணிவும் கொள்வோம்.