ஜான் நியூட்டன் ஐயர்

தேவ கிருபையின் மகத்துவத்தைப் பாடும் ஆங்கில ஞானப்பாட்டொன்றினால் உலகெங்கும் அறியப்பட்ட ஜான் நியூட்டன் ஐயர் 1725-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் நகரில் வாப்பிங் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் மத்தியதரைக் கடலில் வியாபாரக் கப்பல் நடத்தியவர். பக்தி மிகுந்த தாயார் மகனைப் போதகராக்க விரும்பி, வேதபாடங்களை இளமையிலேயே கற்பித்தார். ஆயினும் அவருக்கு ஏழு வயது நிறையுமுன்னரே க்ஷயரோகத்தால் மரித்தார். பதினொன்றாம் பிராயத்தில் நியூட்டன் தந்தையாருடன் கடலேறினார்.

வாலிபத்தில் அவர் எவருக்கும் அடங்காதவரானார். அரசாங்கப் போர்க்கப்பலில் பலவந்தமாய்ச் சேர்க்கப்பட்டு, அதைவிட்டு ஓடிப் பிடிபட்டு, கசையடி பெற்றுப் பதவியும் இழந்தார். பின்பு ஆப்பிரிக்காக் கரையில் ஓர் அடிமை வியாபாரியின் கீழ் வேலைசெய்து, பசியினாலும் நோயினாலும் வருந்தி, மிக இழிவாய் நடத்தப்பட்டார். தந்தையார் வேண்டிக்கொண்டபடி ஒரு கப்பற்றலைவர் அவரைக் கண்டு தம் கப்பலில் ஏற்றிக்கொண்டார்.

அக்கப்பல் ஊர் திரும்புகையில், 1748-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்திற் கொடும்புயலில் அகப்பட்டது. பலகைகள் உடைந்து நீர் உள்ளே பாய்ந்தது. மணிக்கணக்காய் நீரிறைத்துச் சோர்ந்த நியூட்டனின் வாயினின்று, தேவ இரக்கத்தை வேண்டும் சொற்கள் அவரையறியாமலே பிறந்தன. பிறந்தவுடன், இதுவரை தேவனை நிந்தித்த தமக்கு என்ன இரக்கம் கிடைக்கக்கூடும் என்று அவர் திடுக்கிட்டார். சுமார் நான்கு வாரங்களுக்குப்பின் கப்பல் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. அப்புயலின் நாளை அவர் ஆயுள்முழுதும் நன்றியோடு அனுசரித்து வந்தார்.

இவ்விடத்தில் நாம் நின்று யோசிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரக்கம் பெற்ற நியூட்டன் தூஷணத்தை விட்டார். ஜெபத்தையும் வேதவாசிப்பையும் கைக்கொண்டார். அடிமை வியாபாரத்தை மட்டும் விட்டாரல்லர். 1750 முதல் 1754 வரை மூன்று பிரயாணங்களில் அடிமைக் கப்பலின் தலைவராகவே சென்றார். மேற்றட்டில் ஓய்வுநாள் ஆராதனை நடந்தது. கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க ஜனங்கள் விலங்கிடப்பட்டு நெருங்கிக் கிடந்தார்கள். அக்காலத்தாரிற் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட தொழிலாகையால் அதிலுள்ள பாவம் அவர் கண்ணுக்குத் தோன்றவில்லை. 1754-இல் திடீரென்று கண்ட நோயே அவருடைய கடல்வாழ்வை முடித்தது.

பின்பு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம் செய்துகொண்டே கிரேக்கு, எபிரேய பாஷைகளைப் பயின்றார். 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் சிற்றூரில் ஊழியஞ் செய்தார். அங்கே கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து இயற்றிய பாட்டுக்கள் 1779-இல் நூலாக வெளிவந்தன. அதன்பின் லண்டனில் ஒரு சபைக்குக் குருவானார். 1785-இல் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பார்லிமெண்டு அங்கத்தினர் அரசியலை விட்டுவிடலாமோ என்று அவரிடம் ஆலோசனை கேட்டபோது, அவ்விடத்திலேயே இருந்து தேவனைச் சேவிக்கும்படி புத்தி சொன்னார்.

கடைசியாக 1788-இல், புயலுக்கு நாற்பது வருஷங்களுக்குப் பின், நியூட்டன் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாமே அக்கொடுமையைச் செய்தவர் என்பதை மறையாமல் அதில் அறிக்கையிட்டு, அவ்வறிக்கை மிகவும் தாமதமாய் வந்ததென்றும் ஒப்புக்கொண்டார். அரசாங்க விசாரணையிலும் தாம் கண்டவற்றைச் சாட்சியாகச் சொன்னார். பிரிட்டிஷ் ராஜ்யத்தில் அடிமை வியாபாரத்தை விலக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறிற்று. அதைக் காணுமளவும் உயிரோடிருந்து, அவ்வருஷம் டிசம்பர் 21-ந் தேதி அவர் தேகவியோகமானார்.

மாணவ சகோதரரே, தேவ இரக்கம் நியூட்டனை ஒரே நாளில் மரணத்தினின்று மீட்டது. அவரோ அதற்கேற்ற கீழ்ப்படிதலைக் கற்றுக்கொள்ள நாற்பது வருஷம் ஆயிற்று. அத்தனை காலமும் தேவன் அவரைக் கைவிடாமல் பொறுத்திருந்தார் என்பது நமக்கு ஆறுதல். அத்தாமதத்தின் துன்பத்தை அநுபவித்தவர்களோ அவரல்லர், கீழ்த்தட்டில் கிடந்தவர்களே என்பது நமக்கு எச்சரிக்கை. நாம் கல்லூரியை விட்டுச்சென்று தொழிலில் அமரும்போது, உலகம் ஒப்புக்கொண்ட வழக்கம் என்பதனாலேயே ஒன்றை நியாயமென்று எண்ணாமல், நம்மால் வருந்துவோர் எவரேனும் உளரோவென்று காலதாமதமின்றி ஆராய்ந்து பார்ப்போமாக.