சாக்கி: பேச்சில் பிறந்த நகைச்சுவை

ஆங்கிலச் சிறுகதை வரலாற்றில் ‘சாக்கி’ என்னும் புனைபெயரால் நிலைபெற்றவர் ஹெக்டர் ஹ்யூ மன்றோ. ‘திறந்த சாளரம்’ முதலிய கதைகளின் வழியே அவரை அறிந்தோர் பலர். அக்கதைகளுக்கு வித்தாக அமைந்த ‘ரெஜினால்ட்’ என்னும் சிறுநூலை அறிந்தோர் சிலரே. 1904-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில் 15 நகைச்சுவைச் சித்திரங்கள் உள்ளன. அவற்றில் நிகழ்ச்சி குறைவு, பேச்சே மிகுதி. வாய்திறக்க அஞ்சி வளர்ந்த ஒரு சிறுவன், பின்னாளில் பேச்சையே பொருளாகக் கொண்டு நூல் செய்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இளமை

மன்றோ 1870 டிசம்பர் 18 அன்று பர்மாவில் அக்யாப் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் அங்குக் காவல்துறையில் உயர் அலுவலராக விளங்கினார். 1872-இல் தாயார் இங்கிலாந்து சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த அவரை மாடு ஒன்று பாய்ந்து முட்ட வந்தது. அவ்வதிர்ச்சியால் கருச்சிதைவுற்று அவர் உயிர்நீத்தார்.

தந்தையார் பர்மாவிலேயே பணியாற்ற வேண்டியிருந்தமையால், எத்தல், சார்லஸ், ஹெக்டர் ஆகிய மூன்று குழந்தைகளும் டெவன் மாவட்டத்துப் பில்ட்டன் என்னும் ஊரில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தனர். அவ்வீட்டை உண்மையில் ஆண்டவர்கள் மணமாகாத அத்தைமார் இருவரே. சார்லட், அகஸ்டா என்னும் அவ்விருவரும் தம்முள் ஓயாது பகைத்துக்கொண்டனர். ஒருவர் இசைவளித்ததை மற்றவர் தடுப்பார். இருவருக்கும் இடையே குழந்தைகள் அல்லலுற்றனர். கண்டிப்பும் தண்டனையும் நிறைந்த அவ்வீட்டின் நினைவு அவருடைய எழுத்தை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

பணியும் புனைபெயரும்

1893-இல் தந்தையாரைப் பின்பற்றிப் பர்மாக் காவல்துறையில் சேர்ந்தார். காய்ச்சல் அடுத்தடுத்து வருத்தியமையால், ஓராண்டுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் பணியைத் துறந்து தாயகம் திரும்பினார். பின்னர் எழுத்தையே வாழ்வாகக் கொண்டு இலண்டன் சேர்ந்தார். 1900-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் ருஷ்யப் பேரரசின் எழுச்சி பற்றிய வரலாற்று நூலாகும். அது அவருக்குப் பெரும்புகழ் தரவில்லை. அதே ஆண்டில் ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்’ இதழில், ஓவியர் பிரான்சிஸ் கரத்தர்ஸ் கூல்டின் படங்களுடன், லூயி கரோலின் ஆலிஸ் கதையைத் தழுவி அரசியல் அங்கதம் எழுதத் தொடங்கினார். சாக்கி என்னும் பெயர் அதனுடன் பிறந்தது.

சாக்கி என்பது உமர் கய்யாமின் பாடல்களில் மதுக்கிண்ணம் ஏந்தி வருபவரைக் குறிக்கும் சொல். பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலப் பெயர்ப்பின் வழியே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழாக்கித் தந்த அதே பாடல்களே அவை. விருந்தினரிடையே வலம்வந்து கிண்ணம் நிரப்புபவரின் பெயரை, விருந்துகளை எள்ளி நகையாட வந்த எழுத்தாளர் சூடிக்கொண்டது பொருத்தமே.

ரெஜினால்ட்

1901 முதல் அவ்விதழில் தோன்றிய ரெஜினால்ட், உடையிலும் உணவிலும் நுண்சுவை மிக்க இளைஞன், உழைப்பை அறியாதவன், சொல்லில் கூர்மையானவன். அவன் ஒரு சீமாட்டியிடமோ, ‘மற்றவர்’ என்று மட்டுமே சுட்டப்பெறும் நண்பரிடமோ பேசிக்கொண்டிருப்பான். கிறிஸ்துமஸ் பரிசுகள், ஓவியக் கண்காட்சி, நாடக அரங்கு, விருந்தினர் இல்லம், வரிவிதிப்பு என எதைப் பற்றியும் பேசுவான். ஒரு சித்திரத்தில், பாதிரியார் மகள் அவனைத் திருத்த முயன்று ஆலயப் பாடகச் சிறுவரை அவனிடம் ஒப்படைக்கிறாள். அவன் அவர்களை நீராடவிட்டு, அவர்களுடைய உடைகளை வைத்துக்கொண்டு, கிரேக்க மதுக்கடவுளின் விழாப்போல் ஊர் நடுவே ஊர்வலம் விடுகிறான். மற்றொன்றில், சிறுசிறு செய்திகளில் உண்மை பேசப் பழகிய பெண்மணி ஒருத்தி நட்பையும் இழந்து, இறுதியில் நல்ல சமையற்காரியையும் இழக்கிறாள்.

கவிஞர்களும் அவனிடமிருந்து தப்புவதில்லை. போயர் போர் முடிந்து எங்கும் அமைதிப் பாடல்கள் முழங்கிய காலத்தில், ரெஜினால்டும் ஓர் அமைதிப் பாடல் எழுத முற்படுகிறான். உணர்வின்றி, தருணம் கருதிச் செய்யப்படும் செய்யுளின் வெறுமையை அச்சித்திரம் நன்கு புலப்படுத்துகிறது. கதைப்போக்கு இல்லாத துணுக்குகள் என்று இந்நூலை ஒதுக்குவோர் உண்டு. ஆயினும், ஒரு தொடரின் இறுதிச் சொல்லில் பொருளைத் திருப்பிவிடும் கலையை மன்றோ பயின்றது இங்கேதான்.

முதிர்ச்சி

1902 முதல் 1908 வரை ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் செய்தியாளராகப் பால்கன் நாடுகளிலும் வார்சாவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் பாரிசிலும் பணியாற்றினார். 1905-இல் பீட்டர்ஸ்பர்க்கில் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்த குருதி ஞாயிறன்று அவர் அந்நகரில் இருந்தார். அதன்பின் வந்த கதைகளில் நகையுடன் கொடுமையும் கலந்தது. 1911-இல் வெளிவந்த ‘கிளோவிஸ்’ தொகுதியில் பூனை ஒன்று மனிதமொழி கற்று, விருந்தினரின் மறைவுகளை எல்லோர் முன்னும் உரைக்கிறது. அதே தொகுதியில் உள்ள ‘ஸ்ரெட்னி வஷ்டார்’ கதையில், அடக்கப்பட்ட சிறுவன் ஒருவன் தான் ஒளித்து வளர்க்கும் விலங்கைத் தெய்வமாக வேண்டுகிறான். அவனை ஒடுக்கியவள் அவ்விலங்கால் மடிகிறாள். அகஸ்டா அத்தையின் சாயல் அதில் உண்டு என்பர்.

அவருடைய எள்ளல் எங்கும் நடுநிலையுடன் அமைந்தது என்று கொள்வதற்கில்லை. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களை அவர் வெறும் கேலிப்பொருளாகவே கண்டார். யூதரைப் பற்றிய இழிவான குறிப்புகளும் அவர் எழுத்தில் உள்ளன. உயர்குடியினரின் போலிமையை உரித்துக்காட்டியவர், அவர்தம் வெறுப்புகளிலிருந்து தாமே விடுபடவில்லை.

இறுதி

1914-இல் உலகப்போர் மூண்டபோது அவருக்கு வயது 43. அவ்வயதில் படையில் சேரவேண்டிய கட்டாயம் இல்லை. எனினும், அலுவலர் பதவியை மறுத்துச் சாதாரண வீரராகவே சேர்ந்தார். 1916 நவம்பர் 14 அன்று விடியுமுன், பிரான்சில் போமோன் ஹாமெல் அருகே, புகைத்துக்கொண்டிருந்த வீரர் ஒருவரைச் சிகரெட்டை அணைக்குமாறு அதட்டிய கணத்தில், எதிரியின் குண்டு அவர்மீது பாய்ந்தது என்பர். அவருக்குத் தனிக்கல்லறை இல்லை. தியெப்வால் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய தாள்களுள் பெரும்பாலானவற்றைத் தமக்கையார் அழித்துவிட்டார்.

ஆகவே, மன்றோ என்னும் மனிதரை அறிய அவருடைய நூல்களையே நாட வேண்டியுள்ளது. அவற்றுள்ளும் ‘ரெஜினால்ட்’ முதலில் பயிலத்தக்கது. பிற்காலக் கதைகளில் அந்தப் பில்ட்டன் வீட்டின் துயரமும் சினமும் வெளிப்படையாகத் தெரிகின்றன. இந்நூலில், அவ்வீட்டிலிருந்து தப்பிவந்த ஒருவர், தடுப்பார் எவருமின்றி, முதன்முறையாக மகிழ்ந்து பேசுவதைக் கேட்கிறோம்.