கேமரன் அம்மையாரின் ஒளியும் நிழலும்

மாலை ஆறு மணிக்குச் சாயர்புரத்திலிருந்து மேற்கே நோக்கினால் வானம் செக்கச்செவேலென்றிருக்கும். அதன் முன்னே பனைமரங்களும், பாளை சீவி இறங்கும் பனையேறியும், விறகு சுமந்து வரும் பெண்களும் முகம் தெரியாத கரிய உருவங்களாய் நிற்பர். தூத்துக்குடிக் கடற்கரையிலோ இக்காட்சி விடியற்காலையில்தான். நமக்குக் கடல் கிழக்கே அல்லவா? இதைப் படமெடுத்துச் சட்டமிட்டு மாட்டினால் இன்று எல்லோரும் கலை என்பர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் புகைப்படத்தை வெறும் இயந்திர வேலை என்றே பலரும் எண்ணினர். ஒளியையும் இருளையும் கொண்டு ஓவியம் போலவே படம் படைக்கலாம் என்று விடாப்பிடியாக நின்றவர்களுள் ஒருவர், கல்கத்தாவில் பிறந்து இலங்கை மலைநாட்டில் அடக்கமான ஒரு பெண்மணி.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை மணந்தார்; பத்தாண்டுகளுக்குப் பின் குடும்பம் இங்கிலாந்து சென்றது. தம் பிள்ளைகளோடு, பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளைகளையும் வளர்த்தார்.

1863-ஆம் ஆண்டின் இறுதியில், தனிமையில் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு! கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாயிற்று. கரி போடும் அறை இருட்டறையாயிற்று. (கோழிகள் விடுதலை பெற்றன.) அக்காலத்தில் படமெடுப்பது பெரும்பாடு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அம்மையாரின் கைவிரல்கள் மருந்து பட்டுக் கறுத்தன. வீட்டு மேசைவிரிப்புகளும் தப்பவில்லை.

அந்தத் தகடு நீல ஒளிக்கே இணங்கும். செவ்வொளி அதற்கு ஏறக்குறைய இருள்தான். ஆகவே செவ்வானத்தை அவரால் பிடித்திருக்க முடியாது. ஆனால் பகலிலேயே அந்தியை உண்டாக்கினார் எனலாம். திரைகளை இழுத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்வார். பாதி முகம் சுடர்விடும். பாதி இருளில் கரையும். 1867-இல் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலையும், தம் சகோதரி மகள் ஜூலியா ஜாக்சனையும் இவ்வாறே எடுத்தார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக எத்தனையோ முறை நிறுத்தினார். ஊராரும் அப்பெண்ணை மாதா என்றே அழைக்கத் தொடங்கினராம்.

படங்கள் தெளிவில்லை, தகட்டில் கீறல், கைரேகை என்று புகைப்படச் சங்கத்தார் எள்ளினர். அம்மையார் மாறவில்லை. ஊசிமுனைத் தெளிவு வேண்டுமென்று யார் விதித்தது என்பதே அவர் கட்சி. 1865-இல் லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது.

1873-இல், காமிரா தந்த அந்த மகளே பிரசவத்தில் இறந்தாள். இலங்கையில் குடும்பத்துக்கு இருந்த காப்பித் தோட்டங்களும் இலைநோயால் நொடித்தன. 1875-இல் கணவரும் மனைவியும் சவப்பெட்டிகளையும் உடன் ஏற்றிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினர்!

களுத்துறையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றில் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து சென்ற தமிழரும் உண்டு. நம் தென் மாவட்டங்களிலிருந்து அக்காலத்தில் சென்றவர் ஆயிரமாயிரம். இங்கிலாந்தில் எடுத்த படங்களின் அடியில் பெயரெழுதி வைத்த அம்மையார், இவர்கள் பெயரை எழுதவில்லை. அது ஒரு குறையே என்பது என் எண்ணம். முகங்கள் ஒளியில் துலங்குகின்றன. அவர்கள் யார் என்பது மட்டும் அந்திவானத்து உருவங்களைப் போல இருண்டு கிடக்கிறது.

1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் அம்மையார் காலமானார். திறந்த சன்னல் வழியே விண்மீன்கள் பூத்த வானத்தைப் பார்த்து, அழகை வியக்கும் ஒரே சொல்லைச் சொல்லி உயிர் விட்டதாகச் சொல்வர். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தனர். அடுத்த ஆண்டு கணவரும் அருகிலேயே துயில்கொண்டார்.