சார்லஸ் ரைலியும் வெட்டுக்கிளிக் கணக்கும்

பூச்சியியல் படிப்போர் சார்லஸ் வாலன்டைன் ரைலியின் பெயரைக் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களோடு சேர்த்தே கேள்விப்பட்டிருப்பார்கள். ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்றை வரவழைத்து, 1889-இல் அத்தோட்டங்கள் பிழைக்க வழி செய்தவர் அவர். அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டனர். நான் சொல்ல வருவது அதற்கு முந்திய கதை; புல்லும் மாடும் வெட்டுக்கிளியும் சேர்ந்த கதை.

1843-இல் லண்டனில் பிறந்த ரைலி, பதினேழாம் வயதில் கப்பலேறி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பண்ணையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். பின்பு சிகாகோ சென்று, உழவர்களுக்கான இதழொன்றில் பூச்சிகளைப் பற்றி எழுதினார், படமும் வரைந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத இவரை 1868-இல் மிசௌரி மாநிலம் தன் பூச்சியியல் அறிஞராக நியமித்தது. அப்போது வயது இருபத்து நான்கு!

1874-இல் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் மேற்கு மிசௌரியில் இறங்கி முட்டையிட்டன. மறு வசந்தத்தில் குஞ்சுகள் பொரித்துப் பயிரையும் மேய்ச்சல் புல்லையும் மொட்டையடித்தன. தீவனமின்றி மாடுகள் மடிந்தன. மனிதர்களும் பட்டினி கிடந்தனர். ஆளுநர் 1875 ஜூன் 3-ஆம் நாளை நோன்பு நாளாக அறிவித்தார். வேண்டுதலோடு உழைப்பும் பண உதவியும் சேரட்டும் என்பது ரைலியின் எண்ணம். சிறகு முளைத்ததும் அவை ஜூனில் வடமேற்கே திரும்பிவிடும் என்று அவர் முன்பே கணித்திருந்தார். அப்படியே பறந்து போயின. நோன்பின் பயன் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்!

அவர் சொன்ன வழிகள் ஏழை உழவனின் மடிக்கு ஏற்றவை. இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் அகழி வெட்டினால் குஞ்சுகள் விழுந்து மாளும்; செலவு உடலுழைப்பு மட்டுமே. தகரத் தட்டில் மண்ணெண்ணெயோ தாரோ ஊற்றி இழுத்துச் செல்வது மற்றொன்று. இலையுதிர் காலத்தில் உழுது முட்டைகளை ஆழப் புதைப்பது மூன்றாவது. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் இது செல்லாது. உழுதால் புல்லே போய்விடுமே! புல்வெளியில் ஓர் ஏக்கரின் வருமானமோ சொற்பம். அதைக் காக்க அதைவிட அதிகம் செலவழிப்பவன் யார்?

எனவேதான் பொதுப்பணம் தேவைப்பட்டது. 1877-இல் மிசௌரி ஒரு சட்டம் இயற்றியது. ஒரு புஷல் முட்டைக்கு 5 டாலர். குஞ்சுகளுக்கு மார்ச்சில் 1 டாலர், ஏப்ரலில் 50 சென்ட், மே மாதத்தில் 25 சென்ட். விலை ஏன் இறங்குகிறது? மார்ச்சில் குஞ்சு மிகச் சிறியது; ஒரு புஷலில் அடங்கும் எண்ணிக்கை பல மடங்கு. சீக்கிரம் கொல்பவனுக்குக் கூடுதல் கூலி. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் 18,000 டாலர் ஒதுக்கிப் பூச்சியியல் ஆணையம் அமைத்தது; தலைவர் ரைலி. அந்த 1870-களில் வெட்டுக்கிளியால் நேர்ந்த இழப்போ சுமார் 20 கோடி டாலர்! அவை நிலையாக வாழுமிடம் ராக்கி மலையை ஒட்டிய பகுதியே என்று ஆணையம் வரைபடமிட்டுக் காட்டியது.

1895 செப்டம்பரில் வாஷிங்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து ரைலி இறந்தார். ஏழே ஆண்டுகளில், 1902-இல், அந்த வெட்டுக்கிளி கடைசியாக உயிருடன் பிடிபட்டது. பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அவை முட்டையிட்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடியேறிகளின் ஏரும் மாட்டின் குளம்பும் கலைத்துவிட்டன என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. அதற்காக யாரும் ஒரு சென்ட்கூடச் செலவிடவில்லை.